மதிப்பு என்ற கட்டம்

நூறு விதைகளை ஈரத்தாளில் சுருட்டி வைத்தேன்.
ஏழாம் நாள் விரித்து எண்ணினால் பதினொன்று.
அதிலும் மூன்று, வெள்ளையாய் நுனி நீட்டிவிட்டு
வேண்டாமென்று நின்றுபோனவை.
ரெஹானா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் துடைத்தால் செய்தி நல்லதில்லை.

எண் 40317. வாற்கோதுமை.
சேகரித்தது எழுபத்தெட்டு ஏப்ரலில், தில்லிக்கு வெளியே.
கையெழுத்து, மழையில் கலைந்த எறும்பு வரிசை:
"உவர் நிலம். கிணறு கரிக்கிறது. ஆனாலும் விளைகிறது.
கொடுத்தவர் பெயர் சொல்லவில்லை.
எழுதி என்ன செய்யப் போகிறாய் என்றார்."

மைனஸ் பதினெட்டில் தூங்குகிறது என்றுதான்
பார்க்க வருகிறவர்களிடம் சொல்வோம்.
தூக்கம் இல்லை அது.
பிரிக்காத சம்பளக் கவருக்குள்ளேயே
பணம் குறைந்துகொண்டிருப்பது போல ஒன்று.
போன ஜூனில் மூன்று இரவு ஜெனரேட்டர் மக்கர் செய்தது.
யாரும் கோப்பில் ஏற்றவில்லை.
நானும்தான்.

பிறகு கடிதங்கள்.
கடல் தாண்டி ஒரு பனிநாட்டில்
நம் பெட்டியை நம் பூட்டோடு வாங்கி வைத்திருந்தார்கள்,
வாடகை கேளாமல்.
அந்தக் குளிருக்கான செலவை
ஏழெட்டு நாடுகள் பங்கு போட்டுக் கட்டுகின்றன;
அவற்றில் இரண்டு, தினமும் செய்தித்தாளில்
ஒன்றையொன்று ஏசிக்கொள்பவை.
ஒப்பந்தம் பதினாறு பக்கம்.
சாரம் இவ்வளவுதான்:
உன்னுடையது உன்னுடையதே, கேட்டால் தருவோம்.
கேட்டோம்.

ஜனவரி. மூடுபனியில் நாலு விமானங்கள்
இறங்க முடியாமல் ஜெய்ப்பூர் போன காலை.
சரக்கு முனையத்தில், ஹீட்டரைக் காலடியில் இழுத்துக்கொண்டு
தேஜ்பால் டாகர் படிவங்களைப் புரட்டினார்.
"மதிப்பு என்ற கட்டம் காலியாக இருக்கிறதே, மேடம்?"
வணிக மதிப்பு இல்லை என்றேன்.
"இல்லாததற்கா இத்தனை முத்திரை?"
பயிர்நலச் சான்று, அமைச்சகத் தாள்,
அமைச்சகத் தாளுக்கு இன்னொரு அமைச்சகத்தின் தாள்.
உள்ளே இருப்பது ஐம்பது கிராம்.
ஒரு டம்ளர் கஞ்சிக்கு வரும்.
நீர்க்கக் காய்ச்சினால் இரண்டு.

"ஒரு ரூபாயாவது போடுங்கள்.
சைபரைக் கணினி ஏற்காது."

போட்டேன். கை கூசியது.

அடுத்த முத்திரைக்குக் காத்திருந்த மூன்று மணி நேரத்தில்
ஏட்டிலிருந்த அட்சரேகை, தீர்க்கரேகையை
சும்மா கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன்.
வினாடிக் கணக்கு இல்லாத பழைய அளவு,
ஒரு மைல் இப்படி அப்படி இருக்கலாம்.
வரைபடம் சுற்றியது, தயங்கியது,
நீலப்புள்ளிக்குப் பக்கத்திலேயே
சிவப்பு ஊசியை இறக்கியது.
நீலப்புள்ளி நான்.
இடையில் ஒரு முள்வேலி, ஒரு ஓடுபாதை.

டாகரிடம் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"அங்கே புல்லையே வளர விடமாட்டார்கள்" என்றார்.
"விதை விழுந்தால் பறவை வரும்.
பறவை வந்தால் விமானத்துக்கு ஆகாது."

வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
பின்னால் இடமிருக்கிறது என்று ஓட்டுநர் இருமுறை சொன்னார்.

மறுபடி நூறு, மறுபடி ஈரத்தாள்.
ஏழாம் நாள் தொண்ணூற்று நான்கு.
ரெஹானா மேடம் இரண்டு தரம் எண்ணிவிட்டு
தேநீர் வாங்கிவரப் போனார்; தானே போனார்.
நான் கோப்பைத் திறந்து எழுதினேன்.
தொண்ணூற்று நான்குக்குக் கீழே
ஜெனரேட்டர் நின்ற மூன்று இரவுகளையும், தேதியோடு.

இருபது முளைகளைத் தனிமைக் கூடத்தில் நட்டிருக்கிறேன்.
அவற்றுக்கு உவர்நீர் வேண்டும்.
அந்தக் கிணறு எவ்வளவு கரித்தது என்று
எந்த ஏட்டிலும் இல்லை; கேட்க ஆளும் இல்லை.
வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து
நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறேன்.
இன்னும் கொஞ்சம் போடலாம்.